மைக்கைப் பந்தயம் வைத்த மலையாண்டி

கொன்றைவிடுதி மலையாண்டிக்குத் தொழில் இரண்டு. ஒன்று லோடு ஆட்டோ. கறம்பக்குடி சந்தைக்குப் பலாப்பழமும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு போவார். வரும்போது உரமூட்டையோ தவிட்டு மூட்டையோ ஏற்றிக்கொண்டு வருவார். இன்னொன்று ஜல்லிக்கட்டு வர்ணனை. தை பிறந்தால் வைகாசி முடியும்வரை அந்த வட்டாரத்தில் எந்த ஊர் வாடிவாசல் திறந்தாலும் மேடையில் மைக்கோடு மலையாண்டி நிற்க வேண்டும். சோறு போட்டது ஆட்டோதான். ஆனால் அவரிடம் போய் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால், ஆட்டோ என்ற சொல் வாயில் வரவே வராது.

மைக் அவருடைய சொந்த மைக். ஈரிழைத் துண்டில் சுற்றி சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். அவருடைய மனைவி அமுதவல்லிகூட அதைத் தூசி தட்டக் கூடாது. அப்படி என்ன பெரிய மைக் என்று கேட்டுவிடக் கூடாது. அதில் அவர் "வருது பாரு, வருது பாரு" என்று ஆரம்பித்தால், கேலரியில் கடலை கொறித்துக்கொண்டிருப்பவனின் கை பாதியில் நிற்கும். செத்த மாட்டுக்குக்கூட ரோஷம் வந்துவிடும் என்பார்கள். கொஞ்சம் கூடுதலாகத்தான் சொல்வார்கள், ஆனால் பொய்யில்லை.

குறை ஒன்றே ஒன்று. அவசரம். காளையின் திமிலைப் பிடித்தவர் எல்லைக்கோடு வரைக்கும் விடாமல் போனால்தான் அது பிடிமாடு. கோட்டுக்கு முன்னால் பிடி நழுவினால் மாடு வென்றது என்று அறிவிக்க வேண்டும். அந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கெல்லாம் தெரிந்த விதி இது. ஆனால் திமிலில் ஒரு கை விழுந்துவிட்டால் மலையாண்டிக்குப் பொறுக்காது. "மாடு புடிமாடு! புடிச்ச தம்பிக்கு ஒரு கட்டில்!" என்று அலறிவிடுவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் நல்லதம்பியின் செவலைக் காளைக்கு இப்படி அலறிவைத்து, அடுத்த நொடியே காளை அந்தப் பையனை உதறிவிட்டுப் போக, கொடுத்த கட்டிலைத் திரும்ப வாங்குவதற்குள் ரகளையாகிவிட்டது. நல்லதம்பி மலையாண்டிக்கு மச்சான் முறை. அந்த ரகளையை நல்லதம்பி இன்றுவரை மறக்கவில்லை.

ஜல்லிக்கட்டு முடிந்து ஆட்டோவில் வீடு திரும்பும்போது அமுதவல்லி பக்கத்தில் உட்கார்ந்து சொல்வார்.

"ஏங்க, கோடு தாண்டுற வரைக்கும் ஒங்களால வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதா?"

"ஜனம் கேக்குதுல்ல, புள்ள."

"ஜனமா கேக்குது? ஒங்க வாயில்ல துடிக்குது."

அமுதவல்லி இரண்டு கறவை மாடு வைத்துப் பால் ஊற்றுபவர். புருஷன் மைக் பிடிக்கும் எந்த ஜல்லிக்கட்டையும் விட்டதில்லை. கேலரியில் உட்கார்ந்து, அவர் சொல்வதற்கு முன்னாலேயே வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருப்பார். அது சாமிப் பாட்டு என்று மலையாண்டி வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தார்.

பந்தயத்துக்கு வருவோம். இரண்டாயிரத்து இருபத்து மூன்று, விநாயகர் சதுர்த்தியை ஒட்டி ஊரில் கபடிப் போட்டி. ஆட்டத்துக்கும் மலையாண்டிதான் மைக். பொழுது சாய்ந்து லைட் போட்டிருந்த நேரம். டீக்கடை ரெங்கராஜ் செல்போனைத் தூக்கிக்கொண்டு மேடைக்கே ஓடி வந்தார்.

"அண்ணே, டெல்லியில ஓட்டெடுப்பு முடிஞ்சிருச்சு! அரசியலமைப்பத் திருத்துறாங்கல்ல, அதுக்கு. சட்டசபையிலயும் பார்லிமெண்டுலயும் மூணுல ஒரு பங்கு சீட்டு பொம்பளைகளுக்காம். மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும்னாங்க. பாத்தா எதுத்துப் போட்டது ரெண்டே பேருண்ணே!"

மலையாண்டிக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. எதிரணி மொத்தத்தையும் ஒரே ரெய்டில் அவுட்டாக்கிவிட்டு வந்தவனைப் பார்த்ததுபோல இருந்தது. ரெங்கராஜ் செல்போனில் அதற்குக் கீழே இன்னும் ஏதோ எழுதியிருந்தது. அதை யார் படிக்கிறார்கள்? மைக்கை வாய்க்கு நேராகக் கொண்டுவந்துவிட்டார்.

"கொன்றைவிடுதி மகா ஜனங்களே! பெண்கள் மசோதா வெற்றி! வெற்றி! அடுத்த சட்டமன்றத் தேர்தல்ல நம்ம தொகுதிக்குப் பொம்பள எம்எல்ஏ! எழுதி வச்சுக்கங்க!"

கீழே இருந்து நல்லதம்பி கை தட்டினார். "வராட்டி?"

"வராட்டியா? வராட்டி என் மைக்க என் பொண்டாட்டி கையில கொடுத்துட்டு, ஒரு ஜல்லிக்கட்டு முழுக்க வாயக் கட்டிக்கிட்டு கேலரியில உக்காருறேன் மச்சான்! நடுவுல ஒரு சத்தம் போட்டேன்னா, அடுத்த ஜல்லிக்கட்டும் அவளுக்குத்தான்! பிள்ளையார் சாட்சி!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மலையாண்டி வாயை மூடுவது, அமுதவல்லி மைக் பிடிப்பது, இரண்டில் எது அதிகச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. சிரிக்காதவர் ஒரே ஒருவர்தான். சாப்பாடு போடும்போது அமுதவல்லி கேட்டார்.

"நெசமாவே மைக்க எங்கிட்டத் தருவீங்களா?"

மலையாண்டி சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். அமுதவல்லி மறுபடி கேட்கவில்லை. ரசத்தை ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

செல்போனில் கீழே எழுதியிருந்தது என்ன என்று மறுநாள் காலையில்தான் தெரிந்தது. ரெங்கராஜ் பேப்பரை விரித்துப் படித்துக் காட்டினார். மேலவையான ராஜ்யசபாவும் ஓட்டுப் போட வேண்டும். அது முடிந்தாலும் சட்டம் உடனே நடைமுறைக்கு வராது. முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பிறகு தொகுதி மறுவரையறை, அதற்கப்புறம்தான் மூன்றில் ஒரு பங்கு. மலையாண்டி டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

"அப்ப அடுத்த எலெக்ஷனுக்கு வராதா?"

"எனக்கென்னமோ வராதுன்னுதான் தெரியுது அண்ணே."

பால் கேனோடு வந்து நின்ற அமுதவல்லி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "மாட்ட வாடிவாசலுக்குக் கொண்டாந்து நிறுத்திட்டாங்க. ஆனா மூக்கணாங்கயித்த இன்னும் அறுக்கல. அதுக்குள்ள நீங்க புடிமாடுன்னுட்டீங்க" என்றார். பேப்பரில் முக்கால் பக்கத்துக்கு எழுதியிருந்தது கடையிலிருந்த எல்லாருக்கும் அப்போதுதான் விளங்கியது.

வருஷம் ஓடியது. இந்தச் சட்டமன்றத் தேர்தல் வந்தது. இட ஒதுக்கீடு வரவில்லை, ஆனால் மலையாண்டிக்கு அதிர்ஷ்டம் வேறு வழியில் வந்தது. பெரிய கட்சி ஒன்று அந்தத் தொகுதிக்கு சிவரஞ்சனி என்ற வக்கீலம்மாவை வேட்பாளராக நிறுத்தியது. செய்தி கேட்ட அன்று மலையாண்டி ஆட்டோவுக்கு மாலை போட்டார். அவருக்குக் கட்சி கிடையாது. எந்தக் கட்சிக்கும் மைக் பிடித்ததும் கிடையாது. ஆனால் இந்தத் தடவை லோடு இறக்கிய வீட்டிலெல்லாம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

"அந்தம்மாவுக்குப் போட்டுருங்கத்தா. ஒங்க புண்ணியத்துல என் மைக்கு பொழைக்கட்டும்."

நல்லதம்பி சும்மா இருப்பாரா? அவர் எதிர் வேட்பாளரின் ஆள். "மலையாண்டி வாய அடைக்க இதவிட்டா வேற வழியில்ல. யோசிச்சுப் போடுங்க" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இரண்டு பேர் கொள்கையும் அவ்வளவுதான்.

ஓட்டுப் போட்டுவிட்டு வரும் வழியில் மலையாண்டி மனைவியைப் பார்த்துக் கேட்டார். "எங்கிட்டுப் போட்ட?"

"அதச் சொல்லக் கூடாதுன்னு சட்டம் இருக்கு" என்றார் அமுதவல்லி.

"புருஷன்கிட்டயுமா?"

"புருஷன்கிட்டத்தான் முக்கியமா."

அன்றிலிருந்து மலையாண்டிக்குத் தூக்கம் சரியில்லை. சிவரஞ்சனி தோற்றால் மைக் அமுதவல்லிக்கு. அப்படியிருக்க அவர் எந்தப் பட்டனை அழுத்தியிருப்பார்? இருபத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியும் இந்த ஒன்றை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ரிசல்ட் அன்று விடிந்ததுமே ரெங்கராஜ் கடை வாசலில் டிவியைத் தூக்கி வைத்தாயிற்று. கரண்ட் கம்பத்தில் ஸ்பீக்கர் கட்டியாயிற்று. டிவி இருக்கும்போது மைக் எதற்கு என்று கேட்பவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். டிவிக்காரர் சொன்னால் அது செய்தி, மலையாண்டி சொன்னால்தான் ரிசல்ட். வயலில் நிற்பவர், கொல்லையில் துணி துவைப்பவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அவர் ஆரம்பித்தார்.

"தபால் ஓட்டு எண்ணியாச்சு! நம்ம வக்கீலம்மா பின்னடைவு! பரவாயில்ல, மாடு இப்பத்தான் வாசல விட்டு எறங்கிருக்கு!"

முதல் ரவுண்டில் எதிராளி முன்னால். இரண்டாவதில் வித்தியாசம் பாதியானது. மூன்றாவதில் சிவரஞ்சனி திமிலைப் பிடித்தார். அப்புறம் மலையாண்டியைப் பிடிக்க முடியவில்லை. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு டீக்கடை பெஞ்சு மேல் ஏறிவிட்டார். "விடாதத்தா, விடாத! அந்தா சுத்துது, அந்தா சுத்துது! தொங்கிக்கிட்டுப் போ!" என்று அவர் கத்தக் கத்த, கடை வாசலில் கூட்டம் பஸ் போக வழியில்லாமல் நின்றது. பஸ்ஸில் இருந்தவர்களும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "யாரு லீடிங்?" என்று கேட்டார்கள். கண்டக்டர் விசில் ஊதவில்லை. அவருக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

மத்தியானத்துக்கு மேல் வித்தியாசம் இரண்டாயிரத்தைத் தாண்டியது. எண்ண வேண்டியது இன்னும் இரண்டு ரவுண்டு. அப்போதுதான் மலையாண்டி அதைச் செய்தார்.

"வெற்றி! வெற்றி! நம்ம தொகுதியோட பொம்பள எம்எல்ஏ வெற்றி! போடுறா வெடிய!"

சரம் வெடித்தது. ஊர் புகையில் மறைந்தது. ரெங்கராஜ் கிண்டிக்கொண்டிருந்த கேசரியை அப்படியே சட்டியோடு வெளியே கொண்டுவந்து இலையில் வைத்து நீட்டினார். புகைக்குள்ளிருந்து அமுதவல்லி ஓடி வந்தார். மாட்டுக்குத் தவிடு கலக்கிய கை அப்படியே இருந்தது.

"ஏங்க! கோடு தாண்டிருச்சா?"

மலையாண்டி டிவியைத் திரும்பிப் பார்த்தார். தாண்டவில்லை. கடைசி இரண்டு ரவுண்டும் எதிராளியின் சொந்த ஊர்ப் பக்கத்து மெஷின்கள். முதலாவதில், இரண்டாயிரமாக இருந்த வித்தியாசம் எண்ணூறாகச் சுருங்கியது. கூட்டம் டிவிப் பக்கம் நெருங்கியது. கேசரி ஆறியது. கடைசி ரவுண்டு வர வெகுநேரமானது. அந்த நேரம் முழுக்க மலையாண்டி மைக்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். அவருடைய நெஞ்சு அடிப்பது ஸ்பீக்கரில் கேட்டது என்று ஊரில் இன்றும் சத்தியம் செய்கிறார்கள்.

டிவியில் எழுத்து மாறியது. முந்நூற்றுச் சொச்சம் ஓட்டில் சிவரஞ்சனி தோல்வி.

மலையாண்டி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மைக் ஆனில் இருந்தது, கரண்ட் இருந்தது, ஊர் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. மலையாண்டியின் மைக்கில் முதல் தடவையாகச் சத்தமில்லை.

நல்லதம்பிதான் முதலில் பேசினார். "என்ன மச்சான்? பிள்ளையார் சாட்சி ஞாபகம் இருக்கா?"

ரெங்கராஜ் இடையில் விழுந்தார். "அதெப்படிண்ணே? பந்தயம் அந்தச் சட்டத்த வச்சுத்தான். சட்டமே இன்னும் நடைமுறைக்கு வரல. அப்ப பந்தயமும் வரல. நீங்க மைக்க வச்சுக்கங்க."

கூட்டத்தில் பாதிப் பேர் ஆமாம் போட்டார்கள். நல்ல வழிதான். தப்பித்துக்கொள்ளலாம். ஊரே தப்பித்துக்கொள்ளச் சொல்கிறது. மலையாண்டிக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அமுதவல்லியைப் பார்த்துவிட்டார். அவர் தவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை துடைத்தால் போதும், ஆனால் விரல் விரலாக, இடுக்கெல்லாம் விடாமல் துடைத்துக்கொண்டிருந்தார். கண் மட்டும் மைக்கின் மேல் இருந்தது. கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போடுவார்களா மாட்டார்களா என்று நிற்கும் பிள்ளையின் பார்வை அது. நெசமாவே தருவீங்களா என்று அன்றைக்கு அவர் கேட்டதும், தான் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்ததும் மலையாண்டிக்கு நினைவு வந்தது. வெட்கமாக இருந்தது. தோற்றதைவிட அதுதான் அதிகம் வலித்தது.

பெஞ்சிலிருந்து இறங்கினார். துண்டை அவிழ்த்து மைக்கைத் துடைத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"இந்தா. சொல்லு. ரிசல்ட நீயே சொல்லு."

அமுதவல்லி வாங்கினார். மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்ததில் ஸ்பீக்கர் கீச்சென்று கத்தியது. யாரோ சிரித்தார்கள். அவர் ஒரு சாண் தள்ளிப் பிடித்து மூச்சை இழுத்தார். பிறகு வந்தது பாருங்கள் குரல். மலையாண்டியின் குரல்போல இடி இல்லை. உழவுக்கு நடுவே மாட்டை அதட்டாமல் திருப்புகிறவர்கள் பேசுவார்களே, அப்படி அழுத்தமாக, நிதானமாக வந்தது.

"கொன்றைவிடுதி ஜனங்களே, இப்பத்தான் எல்லைக்கோடு வந்துச்சு. மாடு வெற்றி. அவிழ்த்தவங்களுக்கு ஊர் சார்பா மாலை. ஆனா புடிச்சவங்க சாதாரணமாப் புடிக்கல. கோட்டுக்கு ஒரு சாண் வரைக்கும் தொங்கிக்கிட்டே வந்தாங்க. அப்படி வந்தா நம்ம ஊரு வழக்கம் என்னா?"

"ஆறுதல் பரிசு!" என்று எங்கிருந்தோ ஒரு குரல்.

"ஆமா! வக்கீலம்மாவுக்கு நம்ம ஊரு சார்பா ஒரு பித்தளை அண்டா! வைகாசி ஜல்லிக்கட்டுக்கு இங்கிட்டு வந்து வாங்கிக்கிரணும்! இன்னொன்னும் சொல்லிக்கிறேன். டெல்லியில ஒரு மாடு வாடிவாசல்லயே நிக்குது. எத்தன நாளைக்கு நிக்கும்? மூக்கணாங்கயித்த அறுத்து விடுற அன்னைக்குப் பாருங்க!"

ஊர் அதிர்ந்தது. வென்ற கட்சிக்காரரும் கத்தினார்கள், தோற்றவர்களும் கத்தினார்கள். மிச்சமிருந்த சரத்தை நல்லதம்பியே வாங்கிக் கொளுத்தினார். பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். மலையாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. வாய்க்குள் இத்தனை நாளாக அமுதவல்லி முணுமுணுத்தது சாமிப் பாட்டு இல்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒவ்வொரு ஜல்லிக்கட்டிலும் கேலரியில் உட்கார்ந்து இவரும் வர்ணனைதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

மைக்கை அணைத்த பிறகு அமுதவல்லி கிட்டே வந்து மெல்லச் சொன்னார். "நான் அந்தம்மாவுக்குத்தான் போட்டேன். மைக்கு மேல ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனாலும் அங்கிட்டுத்தான் போட்டேன்."

மலையாண்டி ஆறிப்போன கேசரியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

வைகாசியில் ஜல்லிக்கட்டு வந்தது. விழாக் கமிட்டியில் இரண்டு பேர் பொம்பளை வர்ணனையா என்று இழுத்தார்கள். "பிள்ளையார் சாட்சியா ஊரே கேட்ட பந்தயம். மாத்துனா என் செவலைய அவிழ்க்க மாட்டேன்" என்று நல்லதம்பி எழுந்துவிட்டார். மச்சான் வாய் கட்டிக்கிடப்பதைப் பார்க்கும் ஆசையில் அவர் யாருக்காகவும் நிற்பார்.

அமுதவல்லி புதுச்சேலை கட்டி மேடையில் நின்றார். சிவரஞ்சனி வந்து அண்டாவைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி வாங்கிக்கொண்டு கேலரியில் உட்கார்ந்தார். மலையாண்டி ஈரிழைத் துண்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாடு மாடாக வந்தது. அவர் தொடையில் அடித்துக்கொண்டார், பெஞ்சைக் குத்தினார், பக்கத்திலிருந்தவரின் தோளைப் பிடித்து உலுக்கினார். சத்தம் மட்டும் வரவில்லை.

பிறகு நல்லதம்பியின் செவலை வந்தது. சிவப்புப் பனியன் போட்ட ஒரு பையன் பாய்ந்து திமிலில் விழுந்தான். காளை சுற்றியது, அவன் விடவில்லை. "புடிமாடு! புடிமாடு!" என்று கேலரி எழுந்துவிட்டது. அமுதவல்லி அசையவில்லை.

"இருங்க. கோடு இன்னும் வரல. தம்பி விடாத. கோடு இன்னும் வரல..."

கோட்டுக்கு ஒரு எட்டு இருக்கும்போது செவலை முன்னங்காலை ஊன்றித் துள்ளியது. பையன் பறந்து மண்ணில் விழுந்தான்.

"மாடு வெற்றி!"

"அப்படிச் சொல்லுடி என் ராசாத்தி!" என்று கேலரியில் ஒருவர் துள்ளிக் குதித்தார். துண்டு வாயிலிருந்து விழுந்து கிடந்தது. கூட்டம் மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது. மைக் இல்லாத மலையாண்டியின் குரல் எதிர்க் கேலரி வரைக்கும் போய்விட்டிருந்தது.

மேடையிலிருந்து அமுதவல்லி அவரைப் பார்த்தார். குரலில் சிரிப்பு இருந்தது, ஆனால் விட்டுக்கொடுப்பு இல்லை.

"கேலரியில நிக்கிறவரு கவனிக்கணும். பந்தயப்படி சத்தம் போட்டா அடுத்த ஜல்லிக்கட்டும் எனக்குத்தான். தெரியாம வந்த சத்தம்னா மன்னிச்சு விட்டுர்றேன். துண்ட எடுத்து வாயில வச்சுக்கிட்டு உக்காருங்க."

மலையாண்டி குனிந்து துண்டை எடுத்தார். உதறினார். வாயில் வைக்கவில்லை. மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து, தெரிந்தே, முன்னைவிடச் சத்தமாக இன்னொரு தடவை கத்தினார்.